லினக்சின் வழிநூல்கள்

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுத்தார் நன்னூலார். முதல்நூலின் பொருளை முழுதும் தழுவி, வேண்டுமிடத்துத் தன் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒருபுடை ஒத்து, ஏனைய இடங்களில் திரிந்து நிற்பது சார்புநூல். ஆண்டுதோறும் இலக்கண வகுப்பில் இதனை நடத்திவரும் எனக்கு, இப்பகுப்பு கணிப்பொறித் துறையிலும் பொருந்திவரும் என்பது அண்மையில்தான் தெரிந்தது. தெரிவித்தவர்கள் நம் மாணவர்கள்.

சென்ற பருவத்தில் கணிப்பொறியியல் இறுதியாண்டு மாணவர் நால்வர் தமிழ்த்துறைக்கு வந்தனர். நம் கல்லூரிக்கென்றே, தமிழ் முகப்புடன், தனியாக ஒரு லினக்ஸ் இயங்குதளம் வெளியிடப் போவதாகவும், அதற்கு நல்லதொரு தமிழ்ப்பெயர் சூட்டித்தர வேண்டுமென்றும் கேட்டனர். பெயர் சூட்டுவது தமிழாசிரியர்க்கு எளிய வேலை. ஆயினும் பிள்ளையைப் பாராமல் பெயர் வைப்பது எப்படி என்று எண்ணி, சில வாரங்கள் அத்துறை பற்றிக் கேட்டும் படித்தும் பார்த்தேன். பார்த்தபின் பெயரைத் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நிறுத்தியதற்கான காரணத்தை அவர்களுக்கும், அவர்தம் முயற்சிக்குப் பொருளுதவி செய்ய முன்வந்துள்ள பெரியோர்க்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

லினக்சின் வரலாறு மாணவர்க்குப் புதிதன்று. பெரியோர் பொருட்டுச் சுருங்கச் சொல்வேன். கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இடைநின்று இணைப்பது இயங்குதளம். அது விலைகொடுத்து வாங்கியவரும் உள்ளே பார்க்க இயலாத பூட்டிய பெட்டியாக மாறிவந்த காலத்தில், 1983-ஆம் ஆண்டு அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், குனு என்னும் பெயரில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்சு, கெர்னல் எனப்படும் உட்கருவை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அதனை ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அவ்வுரிமத்தின்படி, பெற்றவர் எவரும் அதனைப் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். ஒரே ஒரு கடப்பாடு உண்டு: பிறர்க்கு வழங்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளோடு வழங்க வேண்டும்.

உட்கரு மட்டும் கையில் இருந்தால் ஒரு கடிதமும் எழுத இயலாது. அதனோடு கருவிகள், எழுத்துருக்கள், திரைமுகப்பு, நிறுவும் முறை ஆகியவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதை வழங்கல் என்கின்றனர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவ்வழங்கல்களுள் மூத்தவற்றில் ஒன்று. இன்று 60,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் அதன் களஞ்சியத்தில் உள்ளன. அதனை அடியொற்றி 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடியொற்றி மின்ட் வந்தது. முதல்நூல், வழிநூல், வழிநூலுக்கும் ஒரு வழிநூல்! இவ்வாறு கிளைத்தவை உலகெங்கும் நூற்றுக்கணக்கில் உள்ளன. பள்ளிக்கு ஒன்று, ஆய்வுக்கூடத்திற்கு ஒன்று, இசையமைப்போர்க்கு ஒன்று எனக் குறித்ததொரு பயனுக்கென்றே கட்டப்பட்டவையும் அவற்றுள் பல.

இவற்றுள் சில, வேறுவழியின்றித் தனியே பிறந்தவை. வீடுகளில் இணைய இணைப்பைப் பங்கிட்டுத் தரும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டிக்குள்ளும் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அதன் நினைவகமோ மிகச் சிறிது. 2004-இல் தோன்றிய ஓபன்டபிள்யூஆர்டி, லினக்சைச் சுருக்கிச் சுருக்கிச் சில மெகாபைட் இடத்திற்குள் அடக்கியது. பெருங்கோவில் சிற்பத்தை அரிசியில் செதுக்குவது போன்ற வேலை அது. பொதுவான வழங்கல் ஒன்றில் இரண்டு பொதிகளைக் கூட்டிக் குறைத்து அதனைச் செய்ய முடியாது.

டெயில்ஸ் என்பது மற்றொன்று. 2009-இல் தொடங்கிய இது டெபியன் வழிவந்தது. கணிப்பொறியின் வட்டில் எதனையும் எழுதாது; நினைவகத்திலேயே இயங்கி, அணைத்தவுடன் தடயமின்றி மறைந்துவிடும். இதிலிருந்து செல்லும் இணையத் தொடர்பு யாவும், அனுப்புநர் இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பின் வழியாகவே செல்லும், செல்லாததைத் தடுத்துவிடும். 2013-இல் அமெரிக்க அரசின் கண்காணிப்புத் திட்டங்களை வெளிப்படுத்திய எட்வர்டு ஸ்னோடனும், அவரிடம் செய்தி பெற்ற இதழாளர்களும் இதனைப் பயன்படுத்தினர். எழுதாமையும் மறைத்தலும் இங்கே அடித்தளத்திலேயே அமைந்துள்ளன. மேலே பூசியவை அல்ல.

காளி லினக்ஸ் என்பது 2013-இல் வந்தது. வலையமைப்புகளின் காப்பு உறுதியைச் சோதிப்போர்க்கு உரியது. (மாணவரிற் சிலர் இதனை நிறுவிக்கொண்டு, அதன் கருநிறத் திரையை நண்பர்க்குக் காட்டிப் பெருமிதம் கொள்வதை நான் அறிவேன். லினக்சில் பழக்கமில்லாதோர்க்கு இது ஏற்றதன்று என அதனை ஆக்கியோரே எழுதி வைத்திருக்கின்றனர். அறுவை மருத்துவரின் கத்தியை வாங்கி வெங்காயம் நறுக்குவது எதற்கு?)

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டு நாப்பிக்ஸ் என்னும் வழங்கலை வெளியிட்டார். வட்டிலிருந்தே இயங்குவது, கணிப்பொறியில் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. பின்னர் அதனுள்ளேயே பார்வையற்றோர்க்கென ஒரு பகுதியை அமைத்தார். கணிப்பொறி தொடங்கியதும் அது பேசத் தொடங்கும். சுட்டிக்கும் படங்களுக்கும் அங்கு வேலையில்லை; மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளால் நகர நகர, மின்னஞ்சல், இணையம், எழுதுதல் என ஒவ்வொரு தலைப்பையும் படித்துக் காட்டும்; பிரெய்ல் கருவியை இணைத்தால் விரல்நுனிக்கும் சொல்லும். அதன் பெயர் அட்ரியானே. பார்வைக் குறைபாடுடைய அவருடைய மனைவியாரின் பெயரும் அதுவே. அதனை வடிவமைப்பதில் அவ்வம்மையாருக்கும் பங்குண்டு. கண்ணுடையோர்க்காகச் செய்த திரைமுகப்பின்மேல் ஒரு குரலை ஒட்டவைக்காமல், காணாதவர் ஒருவர் எங்ஙனம் வேலை செய்வார் என்று அடியிலிருந்தே எண்ணிச் செய்த ஒன்று அது. தேவை எங்கிருந்து வந்தது என்பதை அதன் ஒவ்வொரு விசையும் சொல்லும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இயங்குதளத்தின் நடத்தையே அடியில் மாற வேண்டுமாயின் தனி வழங்கல் வேண்டும். சேரும் மென்பொருள்களும் சுவர்ப்படமும் பெயரும் மட்டும் மாறுமாயின் வேண்டுவதில்லை. நம் மாணவர் காட்டிய திட்டத்தில் உபுண்டு இருந்தது; தமிழ் எழுத்துருக்கள் இருந்தன; விசைப்பலகை இருந்தது; கல்லூரி முகப்பின் படம் இருந்தது. இவற்றுள் முதல் மூன்றும் உபுண்டுவிலேயே உள்ளவை.

இவ்விடத்தில் நம் பெரியோர் பலர் அறிந்திருக்கக்கூடிய ஒரு முன்நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டு 'உபுண்டு முஸ்லிம் பதிப்பு' என்னும் வழங்கல் வெளிவந்தது. பின்னர் 'என் வழி' எனப் பொருள்தரும் சபீலி என்று பெயர் மாறியது. திருக்குர்ஆனை ஓதவும் தேடிப் பார்க்கவும் உதவும் ஸிக்ர், தொழுகை நேரங்களை அறிவிக்கும் மின்பர், ஹிஜ்ரி நாட்காட்டி, சிறார்க்கு ஒவ்வாத இணையப் பக்கங்களைத் தடுக்கும் வடிகட்டி ஆகியவற்றை அது முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்தது. ஆர்வமும் அழகுணர்வும் மிக்க தன்னார்வலர் சிலர் இதற்கு உழைத்தனர். ஆனால் 2011-ஆம் ஆண்டின் உபுண்டுவை ஒட்டிய வெளியீட்டோடு அது நின்றுபோயிற்று.

நின்றதைக் குறையாகச் சொல்லவில்லை. தன்னார்வ முயற்சிகள் நிற்பது இயல்பு. ஆனால் நான் கவனித்தது இதுதான்: ஸிக்ரும் மின்பரும் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலும் தனிப்பொதிகளாக இடம்பெற்றிருந்தன. ஆகவே சபீலி நின்றபோது அம்மென்பொருள்கள் உடன்மறையவில்லை. வேண்டுவோர் பொதுக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது. கொடியும் பெயரும் தாங்கிய பகுதி வீழ்ந்தது. பெருவெள்ளத்தில் கலந்துவிட்ட பகுதி அதனைக் கடந்தும் வாழ்ந்தது. உழைப்பை எங்கே இடுவது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு வழங்கல் நின்றால் என்ன, கையில் உள்ள படி வேலை செய்யாதா என்று கேட்கலாம். இங்குதான் நூலுக்கும் மென்பொருளுக்கும் ஒப்புமை உடைவதுபோல் தோன்றி, மீண்டும் ஒன்றுபடுகிறது. அச்சிட்ட நூல் நூறாண்டு அலமாரியில் இருந்தாலும் பொருள் மாறாது. ஆனால் நம் முன்னோர் அச்சு நூலையா வைத்திருந்தனர்? ஓலையை வைத்திருந்தனர். ஓலையைச் செல்லும் பூச்சியும் தின்னும்; தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்க ஆளிருந்தால்தான் நூல் வாழும். படியெடுப்பார் இன்மையால் பெயர் மட்டும் எஞ்சிய நூல்கள் நம்மிடம் எத்தனை! இயங்குதளமும் ஓலைச்சுவடியே. வேறுபாடு ஒன்றுதான்: ஓலைக்குத் தலைமுறைக்கு ஒருமுறை போதும், இதற்கு வாரந்தோறும் வேண்டும்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் கடவுச்சொற்களையும் வங்கிச் செய்திகளையும் மறைத்து அனுப்பப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரலில் இருந்த பிழை அது. எட்ட இருந்தே ஒரு கணிப்பொறியின் நினைவகத்தைச் சிறிது சிறிதாக உருவி எடுக்க அது இடந்தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஷெல்ஷாக் என்னும் மற்றொன்று. டெபியன் போன்ற பெரிய வழங்கல்கள் உடனுக்குடன் திருத்தத்தை வெளியிட்டன. அவற்றின் களஞ்சியத்தோடு தொடர்பில் இருந்த வழிநூல்களும் தப்பின. திருத்துவார் இன்றிக் கைவிடப்பட்ட வழங்கல்கள் கதவு திறந்த வீடுகளாயின. அவ்வீட்டில் இருப்பவர் வழங்கலை ஆக்கியவர் அல்லர். அவரை நம்பி நிறுவிக்கொண்ட ஒருவர். பாதுகாப்புத் திருத்தம் தர இயலாதவர் ஓர் இயங்குதளத்தைப் பிறர் கணிப்பொறியில் ஏற்றச் சொல்வது, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், தீங்கே.

ஆளும் பொருளும் நிரம்பிய இடத்திலும் இச்சுமை சிறிதன்று. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகமும் 2004-இல் சயின்டிபிக் லினக்ஸ் என்பதை வெளியிட்டன. ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட வழிநூல் அது. உலகின் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அது இயங்கியது. அத்தகையோரே 2019-இல், இனிப் புதிய பதிப்பு இல்லை, பொது வழங்கலுக்கே மாறிக்கொள்வோம் என்று அறிவித்தனர். ஆயினும் அன்றே கைகழுவிவிடவில்லை. ஏழாம் பதிப்புக்குத் திருத்தங்களை 2024-ஆம் ஆண்டு ஜூன் இறுதி வரை வெளியிட்டு முடித்தனர். ஐந்தாண்டு முன்னறிவிப்போடு ஒரு பணியை நிறுத்துவது, தொடங்குவதினும் அரிய பண்பு என்பது என் கருத்து.

ஜெர்மனியின் மூனிக் மாநகராட்சி, தன் அலுவலகங்களுக்கென்று லிமக்ஸ் என்னும் வழங்கலைக் கட்டிக்கொண்டது. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் சார்ந்தது அது. 2013-ஐ ஒட்டி ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் அதற்கு மாறின. உலகே அதனை எடுத்துக்காட்டாகக் கூறிய வேளையில், 2017-இல் மாநகர மன்றம் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. அரசியல் காரணமா, தொழில்நுட்பக் காரணமா என்று இரு சாராரும் இன்றும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் நான் புகவில்லை. தனியொரு வழங்கல், அதனைக் காக்கும் மன்றத்தின் மனம் மாறினால் மாறிவிடக்கூடியது என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

இனி, வேறொரு நெறியைச் சொல்வேன். 2001-இல் நார்வே நாட்டில் பள்ளிகளுக்கென ஸ்கூலெலினக்ஸ் தொடங்கப்பட்டது. நார்வேஜிய மொழிக்கு இரண்டு எழுத்து வழக்குகள் உண்டு. வடபுலத்தில் சாமி மக்களின் மொழியும் உண்டு. இவை யாவற்றிலும் மாணவர் கணிப்பொறியைப் பயில வேண்டும் என்பதும், பழைய கணிப்பொறிகளையும் ஒரு பெரிய கணிப்பொறியோடு பிணைத்து வகுப்பறையில் பயன்கொள்ள வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். அந்தப் பெரிய கணிப்பொறிக்கு அவர்கள் இட்ட பெயர் 'டியேனெர்'. நார்வேஜிய மொழியில் பணியாள் என்பது பொருள். இதே நோக்கில் நிகழ்ந்துவந்த டெபியன் எடு என்னும் முயற்சியோடு பின்னர் இது இணைந்தது. இணைந்தபின் அவர்கள் மேற்கொண்ட கொள்கையே நாம் கருத வேண்டுவது: தாம் எழுதுவதைத் தனியே சேமியாமல் டெபியன் களஞ்சியத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவது. டெபியனுக்குள் இருந்துகொண்டே ஒரு துறையினர்க்கு ஏற்ப அதனை அமைத்துக்கொள்ளும் இத்தகைய தொகுதிகளைக் 'கலவைகள்' என்கின்றனர். மருத்துவத்துக்கு ஒன்று, சிறார்க்கு ஒன்று என அவை பலவாக உள்ளன. நன்னூலார் மொழியில் சொன்னால் இவை வழிநூல்கள் அல்ல. முதல்நூலுக்குள்ளேயே புதிதாய்ச் சேர்ந்த ஓர் இயல். முதல்நூலைப் படியெடுப்போர் இதனையும் சேர்த்தே படியெடுப்பர்.

நம் நாட்டிலும் தொட்டுக்காட்ட இரண்டு உண்டு. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழி, டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடியொற்றிய வழங்கல் பரவியது. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019-இல் அது வெளியிட்ட பதிப்பு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கென அமைந்தது. தனி வழங்கல் கூடாதென்று வாதிடும் நான் இதனை எங்ஙனம் புகழ்வேன்? காரணம் உண்டு. அங்கே பாடநூல், தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றும் அவ்வழங்கலைச் சுற்றியே அமைந்தன. ஆண்டுதோறும் படியெடுக்கும் ஏற்பாடு அது.

சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. டெபியன் வழிவந்து, இந்திய மொழிகள் பலவற்றைத் தாங்கியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில் விண்டோசோடு அதுவும் இருந்தது. நானறிந்த மாணவருள் அதனைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. அது ஆக்கியோர் குறையன்று. கையில் வந்த பொருளைக் கற்பிக்க முன்வராத என்போன்ற ஆசிரியர் குறை.

மறுதரப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எவரும் பிரியாமல் இருந்திருந்தால் உபுண்டு ஏது, நாப்பிக்ஸ் ஏது? பிரிந்து செல்லும் உரிமையே இம்மரபின் உயிர். 2020 டிசம்பரில் ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பின் ஆயுளைத் திடீரெனக் குறைத்து, அடுத்த ஆண்டு இறுதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதனை நம்பியிருந்தோர் கலங்கினர். ஆனால் மூலநிரல் பொதுவில் இருந்தமையால், 2021-ஆம் ஆண்டிலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரண்டு அதன் இடத்தை நிரப்பின. தம் வழங்கலை முடித்துக்கொண்ட ஃபெர்மி, செர்ன் ஆய்வகத்தாரும் அல்மாலினக்சையே பின்னர்த் தேர்ந்தனர். ஆகவே உரிமையை நான் மறுக்கவில்லை. கட்டிப் பார்ப்பதால் மாணவர் பெறும் அறிவையும் மறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நூறு முறை கட்டட்டும், நூறு முறை கலைக்கட்டும். பெயரிட்டு, விழா எடுத்து, பிறர் வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றுவதுதான் வேறு வேலை.

செய்யத்தக்கது வேறு உண்டு. டெபியனை நிறுவும் நிரல் தமிழிலும் பேசுகிறது. அத்தமிழ் எவ்வாறு உள்ளது என்பதை ஒரு தமிழ்த்துறை பார்க்கலாம். மொழிபெயர்ப்புகளில் ஒரே சொல்லுக்கு இடத்துக்கு ஓர் ஆக்கம் இருந்தால் ஒழுங்குபடுத்தலாம். எழுத்துப்பிழை திருத்தியின் சொற்பட்டியலுக்கு வினைவடிவங்களைத் தொகுத்துக் கொடுக்கலாம். எங்கள் துறை இலக்கணம் தரும். அவர்கள் துறை நிரல் எழுதும். ஒருமுறை முதல்நூலுக்குள் சேர்ந்துவிட்டால் அதன் வழிவந்த வழங்கல்களுக்கும் அது சென்று சேரும். இதற்குக் கல்லூரியின் பெயர் திரையில் தோன்றாது என்பது உண்மைதான். பெரியோர் தருவதாகச் சொன்ன தொகையை வெளியீட்டு விழாவுக்கின்றி, இவ்வேலையில் ஈடுபடும் மாணவர்க்கு ஆண்டுதோறும் உதவித்தொகையாக அளிக்க இயலுமா என்று கேட்டிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

இவற்றையெல்லாம் அந்நால்வரிடமும் சொன்னேன். பொறுமையோடு கேட்டனர். "நீங்கள் நால்வரும் ஏப்ரலில் தேர்வெழுதிச் சென்றுவிடுவீர்கள். ஜூனில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பவர் யார், தம்பி?" என்று கேட்டேன். மூவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நான்காமவர் மட்டும், "முதலாமாண்டில் என் தம்பி இருக்கிறான் ஐயா" என்றார்.

அவனை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.